ஃபேட்டி லிவர் என்று ஸ்கேனில் வந்தபின் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்தினேன். மருத்துவரோ இதயத்தைப் பற்றிப் பேசுகிறார்

கெடிலக்கரை (திருப்பாதிரிப்புலியூர், கடலூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 46. மஞ்சக்குப்பத்தில் அலுவலகப் பணி. காலை பத்து மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால் மாலை ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். சென்ற மாதம் வலது விலாவுக்குக் கீழே கனமாக இருப்பதுபோல் தோன்றியதால் வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். பித்தப்பையில் கல் ஏதும் இல்லை. ஆனால் 'ஃபேட்டி லிவர், கிரேடு 2' என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள்.

அறிக்கையைப் பார்த்த மருத்துவர் கல்லீரலைப் பற்றி இரண்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரம் முழுவதும் இரத்த அழுத்தம், கொழுப்பு, குடும்பத்தில் யாருக்காவது மாரடைப்பு வந்திருக்கிறதா என்றுதான் கேட்டார். என் அண்ணனுக்கு 51 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்றதும், எனக்கு அட்டார்வாஸ்டேட்டின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் சாப்பிட்டேன். பிறகு, 'கொலஸ்ட்ரால் மாத்திரை கல்லீரலைக் கெடுக்கும். ஏற்கெனவே கொழுப்புப் படிந்த கல்லீரலுக்கு அதைக் கொடுப்பார்களா?' என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொன்னதால் நிறுத்திவிட்டேன். நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது.

கல்லீரலில் கொழுப்பு இருப்பதற்கும் இதயத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது அண்ணனின் கதையைக் கேட்டதால்தான் மருத்துவர் அப்படிப் பேசினாரா? அந்த மாத்திரையைத் தொடரலாமா? இதயத்துக்கென்று டிஎம்டி (ஓடுபொறியில் நடக்கவைத்து எடுக்கும் இசிஜி), ஆஞ்சியோ (இதய இரத்தக்குழாய் அடைப்பைக் காட்டும் படம்) போன்ற சோதனைகளை இப்போதே செய்துகொள்ள வேண்டுமா? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பரிசோதனை விவரம்: கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி 38, எஸ்ஜிபிடி 52, மொத்தக் கொலஸ்ட்ரால் 220, எல்டிஎல் 138, எச்டிஎல் 34, ட்ரைகிளிசரைடு 240, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 சதவீதம், இரத்த அழுத்தம் 138/88. உயரம் 168 சென்டிமீட்டர், எடை 79 கிலோ. புகைப்பழக்கம் இல்லை. மது எப்போதாவது உண்டு.

மருந்துக்கடை_முப்பதாண்டு (நெல்லித்தோப்பு, புதுச்சேரி) பதில்:

ஐயா, மற்றவற்றை மருத்துவம் படித்தவர்கள் சொல்லட்டும். மாத்திரையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளாக மருந்தாளுநராக இருந்தவன் என்ற முறையில், தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வந்து நிற்பவர்களில் பாதிப்பேர் சொல்லும் காரணம் தாங்கள் சொன்ன இதே காரணம்தான். ஸ்டேட்டின் (தங்கள் அட்டார்வாஸ்டேட்டின் சேர்ந்த மருந்து வகை) சாப்பிடும் சிலருக்கு, குறிப்பாக முதல் சில மாதங்களில், எஸ்ஜிபிடி சற்று ஏறுவது உண்டு. பெரும்பாலும் அது தானாகவே இறங்கிவிடும். உச்ச வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் போனால்தான் மருந்தை நிறுத்துவது பற்றி யோசிப்பார்கள். வரம்பு 40 என்று வைத்துக்கொண்டால் அது 120. தங்களுக்கு 52. அதுவும் மாத்திரை தொடங்குவதற்கு முன்பே இருந்த 52. எனவே பழி மாத்திரையின் மேல் விழாது, கல்லீரலில் படிந்த கொழுப்பின் மேல்தான் விழும்.

ஸ்டேட்டினைத் தவிர்க்க வேண்டிய கல்லீரல் நிலைகள் உண்டு. கல்லீரல் சுருங்கி, வயிற்றில் நீர் கோத்து, காமாலையோடு இருக்கும் முற்றிய சிர்ரோசிஸ் அவற்றில் முதன்மையானது. சாதாரண ஃபேட்டி லிவர் அந்தப் பட்டியலில் இல்லை. மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே சென்று, நிறுத்திவிட்டேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். திட்டினால் ஐந்து நிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

பொதுமருத்துவர்_முதலியார்பேட்டை (புதுச்சேரி) பதில்:

மேலே நண்பர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இணையத்தில் எழுதுவது நேரில் பார்ப்பதற்கு ஈடாகாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் தங்கள் முதல் கேள்வி நல்ல கேள்வி என்பதால் சற்று விரிவாக எழுதத் தோன்றுகிறது.

கல்லீரல் செல்களில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தங்கிவிட்டால் அதைக் கொழுப்புக் கல்லீரல் என்கிறோம். அந்தக் கொழுப்பு அங்கே எப்படி வந்தது என்று பார்த்தால்தான் இதயத்துக்குப் போகும் வழி தெரியும். உடலில் இன்சுலின் சுரந்தும் அதன் சொல் எடுபடாமல் போகும் நிலையில், வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசு கட்டுப்பாடின்றிக் கொழுப்பு அமிலங்களை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். கல்லீரலின் நிலை, வண்டி வண்டியாக மூட்டை வந்து இறங்க, விற்பனை மட்டும் நடக்காத அரிசி மண்டியின் நிலையாகிவிடுகிறது. வைக்க இடமில்லாதபோது மண்டிக்காரர் கிடைத்த விலைக்குச் சரக்கை வெளியே தள்ளுவார் அல்லவா? கல்லீரலும் தன்னிடம் சேர்ந்த கொழுப்பைச் சிறு பொதிகளாகக் கட்டி இரத்தத்தில் தள்ளுகிறது. இரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு ஏறியிருப்பதன் பொருள் இதுதான். அந்தப் பொதிகள் மிகும்போது நல்ல கொழுப்பான எச்டிஎல் குறைகிறது. கெட்ட கொழுப்பான எல்டிஎல்லின் துகள்கள் சிறுத்து, அடர்த்தியாகி, இரத்தக்குழாயின் உட்சுவரில் எளிதாக நுழையும் தன்மையைப் பெறுகின்றன. தங்கள் அறிக்கையில் 240, 34 என்ற இரண்டு எண்களும் சேர்ந்து நிற்பது தற்செயல் அன்று.

இத்தோடு முடியவில்லை. அழற்சியைக் காட்டும் சிஆர்பி, இரத்தம் உறைவதற்குத் தேவையான ஃபைப்ரினோஜன் ஆகியவற்றைச் செய்வதும் கல்லீரல்தான். கொழுப்பும் அழற்சியும் சேர்ந்த கல்லீரல் இவற்றையும் கூடுதலாகவே சுரக்கிறது. இரவில் நாம் உறங்கும்போது சர்க்கரையை அளவாக வெளியிட வேண்டிய அதே உறுப்பு, அளவு மறந்து வெளியிடுவதால்தான் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறுகிறது. மாரடைப்பு மட்டுமல்ல, இதயத்தசை விறைத்துப் போதல், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் சீரற்ற துடிப்பு ஆகியவையும் கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. 2021ஆம் ஆண்டில் 36 ஆய்வுகளையும் சுமார் 58 இலட்சம் பேரையும் ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நிகழ்வுகள் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 1.45 மடங்கு எனத் தெரியவந்தது; கல்லீரலில் தழும்பு கூடக்கூட அந்த மடங்கும் கூடியது. இந்த நோய் உள்ளவர்களின் இறப்புக்கு முதல் காரணம் கல்லீரல் அன்று, இதயமும் இரத்தக்குழாய்களும்தான். தங்கள் மருத்துவர் கல்லீரலுக்கு இரண்டு வாக்கியமும் இதயத்துக்கு மீதி நேரமும் ஒதுக்கியதற்குக் காரணம் இதுவே. அண்ணனின் கதை அதற்கு வலுச் சேர்த்தது, அவ்வளவுதான்.

2023இல் உலக அளவில் இந்த நோயின் பெயரையே மாற்றினார்கள். முன்பு 'மது சாராத கொழுப்புக் கல்லீரல்' என்று, எது இல்லை என்பதைச் சொல்லிப் பெயர் வைத்திருந்தார்கள். இப்போது வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த நோய் என்று பெயரிலேயே காரணம் சொல்லப்படுகிறது.

மது 'எப்போதாவது' என்று எழுதியிருக்கிறீர்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி எவ்வளவு அருகில் என்பது எனக்கும் தெரியும் என்பதால் கேட்கிறேன்: எப்போதாவது என்றால் எவ்வளவு? ஒரு குவார்ட்டர் பாட்டிலில் சுமார் 60 கிராம் மதுசாரம் இருக்கிறது. வாரத்துக்கு 210 கிராமைத் தாண்டும் ஆணுக்கு நோயின் பெயரும் வகையும் மாறிவிடுகின்றன. அந்த அளவுக்குக் கீழே குடித்தால் கல்லீரலுக்குப் பாதுகாப்பு என்று இதற்குப் பொருளில்லை. கொழுப்பு ஏற்கெனவே படிந்த கல்லீரலுக்குச் சிறிதளவு மதுவும் கூடுதல் சுமையே.

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் தட்டணுக்களின் (பிளேட்லெட்) எண்ணிக்கையும் இருக்கும். அதையும், இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். கணக்கு ஒன்று போட வேண்டியிருக்கிறது.

வகுப்பறைக்கு_வெளியே (நெய்வேலி) பதில்:

மருத்துவர் ஐயா எழுதியதை மறுப்பதற்காக அல்ல, ஒரு நூலிழையைப் பிரித்துக் காட்டுவதற்காக எழுதுகிறேன். நான் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். இரண்டு நோய்கள் சேர்ந்து வருகின்றன என்பதும், ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதும் வேறு வேறு கூற்றுகள். தொப்பை, சர்க்கரை, இரத்த அழுத்தம் ஆகியவை கல்லீரலையும் கெடுக்கின்றன, இதயத்தையும் கெடுக்கின்றன. அப்படியானால் கல்லீரல் குற்றவாளியா, கூடவே நின்ற சாட்சியா?

இதை மரபணுக்களைக் கொண்டு சோதித்திருக்கிறார்கள். பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் ஒரு மாற்று வடிவம் பிறப்பிலேயே அமைந்தவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு மிகுதியாகச் சேர்கிறது. ஆனால் அவர்களுக்கு இதயநோய் அதற்கேற்பக் கூடவில்லை. டிஎம்6எஸ்எஃப்2 என்ற இன்னொரு மரபணுவின் மாற்று வடிவம் உள்ளவர்களிடம் நிலைமை இன்னும் வியப்பானது. அவர்களுடைய கல்லீரல் கொழுப்புப் பொதிகளை வெளியே அனுப்ப இயலாமல் தன்னுள்ளேயே வைத்துக்கொள்கிறது. கல்லீரல் கெடுகிறது, இரத்தத்தில் கொழுப்பு குறைகிறது, மாரடைப்பு வாய்ப்பும் சற்றுக் குறைகிறது. மருத்துவரின் மண்டி உவமையில் சொன்னால், சரக்கு மண்டிக்குள்ளேயே அழுகுகிறது, தெருவுக்கு வரவில்லை. ஆகவே கல்லீரலில் கொழுப்பு இருப்பது மட்டுமே இதயத்தைத் தாக்குவதில்லை, அந்தக் கொழுப்பு எந்தக் காரணத்தால் வந்தது, வெளியே என்னவாகப் போகிறது என்பதே முக்கியம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

பொதுமருத்துவர்_முதலியார்பேட்டை பதில்:

ஐயா சொன்னது முழுக்கச் சரி, நான் சுருக்கியதில் அது விடுபட்டுவிட்டது. ஆனால் அறைக்குள் வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் தொப்பையும் சர்க்கரையுமாகத்தான் வருகிறார்கள். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வின்படி இந்திய அளவில் சர்க்கரை நோய் 11.4 சதவீதம், புதுச்சேரியில் மட்டும் 26.3 சதவீதம். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. இந்த ஊரில் கல்லீரல் கொழுப்பைச் சாட்சியாக வைத்தாலும், சாட்சி சொல்வதைக் கேட்டே ஆக வேண்டியிருக்கிறது.

முதுநகர்_மீனாட்சி (கடலூர் முதுநகர்) பதில்:

தம்பி, நான் மருத்துவமோ அறிவியலோ படித்தவள் அல்ல. என் கணவருக்கு இதே கிரேடு 2 என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன் வந்தது. அப்போது நாங்கள் சென்ற ஒரு தனியார் மருத்துவமனையில், 'இது இப்போது எல்லாருக்கும் இருக்கிறது, எண்ணெயைக் குறையுங்கள்' என்று சொல்லி ஒரு கல்லீரல் டானிக்கை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரத்தக் கொழுப்பையோ சர்க்கரையையோ யாரும் பார்க்கச் சொல்லவில்லை. நாங்களும் எண்ணெயைக் குறைத்துவிட்டு, சோற்றை வழக்கம்போல் மூன்று வேளையும் போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது சர்க்கரை நோய் வந்திருந்தது. அதன்பிறகு சந்தித்த அம்மா ஒருவர்தான், கல்லீரலில் சேரும் கொழுப்பில் ஒரு பங்கு நாம் சாப்பிடும் மாவும் சர்க்கரையும் கல்லீரலுக்குள்ளேயே கொழுப்பாக மாறியது என்று விளக்கினார்.

எங்கள் வீட்டில் மாற்றியது இவ்வளவுதான். இரவில் சோறு இல்லை. பகலில் ஒரு கரண்டி சோறு குறைந்து, அந்த இடத்தில் கீரையோ அவரைப் பொரியலோ கூடியது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மீனுக்குப் பஞ்சமா? மத்தியும் கானாங்கெளுத்தியும் இதயத்துக்கு நல்லது என்றார்கள். ஆனால் அதையே எண்ணெயில் முக்கிப் பொரித்தெடுத்தால் என்ன நன்மை மிஞ்சும்? குழம்பாக வைத்துவிடுகிறேன். மாலை நான்கு மணி டீயில் சர்க்கரையை நிறுத்தியதுதான் பெரும் போராட்டம்; அதற்கு இரண்டு மாதம் பிடித்தது. கரும்புச்சாறும் புட்டி ஜூஸும் அடியோடு இல்லை. பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் மட்டும் நான்கு சுளைக்கு அனுமதி. அவர் ஆறு எடுப்பது எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்துவிடுகிறேன்.

தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் நாற்பது நிமிடம் நடக்கிறார். 82 கிலோ இருந்தவர் ஒன்றரை ஆண்டில் 75 ஆனார். மறு ஸ்கேனில் கிரேடு 1 என்று வந்தது. ட்ரைகிளிசரைடும் இறங்கியது. கொலஸ்ட்ரால் மாத்திரையை இன்னும் சாப்பிடுகிறார், அதனால் கல்லீரல் கெடவில்லை.

கெடிலக்கரை பதில்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மீனாட்சி அம்மா, தங்கள் வீட்டு மாலை டீயின் கதை என் வீட்டிலும் தொடங்கிவிட்டது.

மருத்துவர் ஐயா கேட்ட விவரங்கள்: தட்டணுக்கள் 2,10,000. இடுப்புச் சுற்றளவு, கால்சட்டை அளவைச் சொல்லாமல் தொப்புள் மட்டத்தில் நாடா வைத்துப் பார்த்ததில், 98 சென்டிமீட்டர். மது, உண்மையைச் சொன்னால், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, ஒவ்வொரு முறையும் ஒரு குவார்ட்டர். இனி அதுவும் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நண்பர்கள்தான் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த விவாதத்தை அண்ணனிடம் காட்டினேன். அவர் பீரோவிலிருந்து தம் பழைய கோப்பை எடுத்துவந்தார். மாரடைப்புக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், சிறுநீரகக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனிலும் கடைசி வரியில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று இருக்கிறது. கல்லைக் கரைக்கும் அவசரத்தில் அந்த வரியை யாரும் படிக்கவில்லை.

பொதுமருத்துவர்_முதலியார்பேட்டை பதில்:

தங்கள் எண்களைக் கொண்டு, கல்லீரலில் தழும்பு இருக்கும் வாய்ப்பை மதிப்பிடும் எஃப்ஐபி-4 என்ற கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கையையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். தட்டணுக்களை ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 46 பெருக்கல் 38 என்பது 1,748. 52இன் வர்க்கமூலம் 7.2, அதை 210ஆல் பெருக்கினால் சுமார் 1,514. வகுத்தால் 1.15. இது 1.3க்குக் கீழே இருந்தால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் போனால் கல்லீரல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இடைப்பட்டால், கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் செய்துபார்க்கலாம். 65 வயதைக் கடந்தவர்களுக்கு 1.3க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்கிறோம். ஆக, கல்லீரல் வரையில் இன்றைக்குத் தாங்கள் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கணக்கை மீண்டும் போட வேண்டும்.

இதயத்தின் கணக்கு அப்படி இல்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லைக் கழித்தால் 186 வருகிறது. தங்களைப் போன்றவருக்கு அது 130க்குக் கீழே இருக்க வேண்டும். இடுப்பு, இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்ற வரம்பைத் தாண்டிவிட்டது. (அளக்க வேண்டிய இடம் தொப்புள் அன்று, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுப்பகுதி, ஆயினும் பெரிய வேறுபாடு வராது.) சர்க்கரை 5.7க்கும் 6.4க்கும் இடைப்பட்ட முன்நிலையில் இருக்கிறது. அதோடு உடன்பிறந்த ஆணுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு. இவ்வளவும் சேர்ந்த ஒருவருக்கு ஸ்டேட்டின் எழுதாமல் விட்டிருந்தால்தான் நான் கேள்வி கேட்டிருப்பேன். 2010இல் லான்செட் இதழில் வெளியான கிரேக்க ஆய்வொன்றில், கல்லீரல் நொதிகள் மிதமாக ஏறியிருந்த 437 இதய நோயாளிகளைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஸ்டேட்டின் எடுத்துக்கொண்ட 227 பேரில் 22 பேருக்கும், எடுத்துக்கொள்ளாத 210 பேரில் 63 பேருக்கும் இதய நிகழ்வுகள் ஏற்பட்டன. எடுத்துக்கொண்டவர்களின் கல்லீரல் நொதிகள் குறையவும் செய்தன. ஆய்வு முடிந்தபின் பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் தங்கள் உறவினரின் அச்சத்துக்கு இது போதிய விடை.

ஆஞ்சியோ இப்போது தேவையில்லை. அறிகுறி ஏதும் இல்லாதவருக்கு ஃபேட்டி லிவரை மட்டும் காரணமாக வைத்து அதைச் செய்வதில்லை. ஒரு இசிஜி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிஎம்டியை மருத்துவர் நேரில் பார்த்துத் தீர்மானிக்கட்டும். மாடி ஏறும்போது நெஞ்சு இறுகுதல், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை ஆகியவற்றில் எது வந்தாலும், வாயுத் தொல்லை என்று இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.

எடையைப் பொறுத்தவரை, 79 கிலோவில் ஐந்து சதவீதம் என்பது நான்கு கிலோ. அந்த அளவு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். ஏழு முதல் பத்து சதவீதம், அதாவது ஆறு முதல் எட்டு கிலோ குறைந்தால் அழற்சியும் அடங்கும். மீனாட்சி அம்மாவின் கணவர் குறைத்தது எட்டரை சதவீதம். எந்தப் புத்தகமும் பார்க்காமல் சரியான இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கல்லீரல் டானிக், சீந்தில் கஷாயம் போன்றவற்றை இடையில் சேர்க்காதீர்கள். கொரோனா காலத்தில் சீந்திலைத் தொடர்ந்து குடித்துக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஸ்டேட்டினை மீண்டும் தொடங்கினால், மூன்று மாதம் கழித்து எஸ்ஜிபிடியும் கொழுப்பு அளவுகளும் பார்த்து இங்கேயே எழுதுங்கள். தங்கள் அண்ணன் கல்லீரலை அதன்பிறகு பார்க்கவே இல்லை என்றால், அவருடைய தட்டணு, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி எண்களையும் சேர்த்து எழுதுங்கள். அவருக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.